முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) எலும்பு அடர்த்தி ஏன் குறைகிறது? என் அம்மா சாப்பிடும் ஸ்டீராய்டை நிறுத்தினால் சரியாகிவிடுமா?

சரியாகிவிடாது. அதைவிட முக்கியம், மருத்துவரைக் கேட்காமல் உங்கள் அம்மாவின் ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நீண்ட காலம் அதைச் சாப்பிட்டவர்களின் அட்ரீனல் சுரப்பி, தானாகச் சுரக்க வேண்டிய கார்டிசோல் என்ற ஹார்மோனைக் குறைத்துக்கொண்டிருக்கும். மாத்திரை சட்டென்று நின்றுபோனால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நானும் பல ஆண்டுகளாக முடக்குவாதத்தோடு வாழ்பவள். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் அறிக்கையில் எலும்பு மெலிந்திருப்பதாக வந்தால், பழி முழுவதும் ஸ்டீராய்டின் மேல் விழுவதைப் பார்த்திருக்கிறேன். நோயே எலும்பைத் தின்கிறது என்பதை அதிகம் பேர் சொல்வதில்லை.

எலும்பு வாழ்நாள் முழுவதும் கரைந்துகொண்டும் புதிதாக உருவாகிக்கொண்டும் இருப்பது. கரைப்பதற்கு ஒரு வகைச் செல், கட்டுவதற்கு இன்னொரு வகை. முடக்குவாதத்தில் மூட்டுச் சவ்வில் உண்டாகும் அழற்சி, டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சியைத் தூண்டும் பொருள்களை உடலெங்கும் அனுப்புகிறது. அவை ராங்க்-எல் என்ற புரதத்தைப் பெருக்க, கரைக்கும் செல்கள் மும்முரமாகின்றன. கட்டும் செல்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. நோயின் தொடக்கத்திலேயே கை எக்ஸ்ரேயில் மூட்டை ஒட்டிய எலும்பு மங்கலாகத் தெரிவது இதனால்தான். முதுகெலும்பும் இடுப்பும்கூட இதற்குத் தப்புவதில்லை. வலியால் நடமாட்டம் குறைவதும், மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. எலும்பு முறிவு அபாயத்தைக் கணிக்க 2008 முதல் பயன்படும் ஃப்ராக்ஸ் கணிப்பானில், ஸ்டீராய்டு ஒரு கேள்வி, முடக்குவாதம் தனிக் கேள்வி. இரண்டும் தனித்தனி அபாயங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஸ்டீராய்டு குற்றமற்றது என்று சொல்ல வரவில்லை. தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் எலும்பு இழப்பு மிக வேகமாக இருக்கும். நாளுக்கு 7.5 மில்லிகிராமுக்குக் குறைவான பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் முறிவு அபாயத்தைக் கூட்டலாம். நாளுக்கு 2.5 மில்லிகிராமோ அதற்கு மேலோ மூன்று மாதங்களுக்கும் அதிகமாகச் சாப்பிடும் எவருக்கும் எலும்பு மதிப்பீடு தேவை. ஆனால் ஸ்டீராய்டைக் குறைக்கும் வழி, மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளாலோ உயிரியல் மருந்துகளாலோ அழற்சியை அடக்குவதுதான். மூட்டுகள் வீங்கியே கிடக்கையில் ஸ்டீராய்டை மட்டும் எடுத்துவிட்டால், எலும்புக்கு அதனால் என்ன பயன்?

டெக்ஸா அறிக்கையில், இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டுத் தரும் டி-ஸ்கோர் என்ற எண்ணைப் பாருங்கள். மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையில் இருந்தால் அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. ஆனால் எண்ணோடு நின்றுவிட வேண்டாம். முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை பெரிய வலியில்லாமலே நடந்துவிடுகின்றன. அம்மாவின் உயரம் குறைந்திருந்தாலோ முதுகு வளைந்திருந்தாலோ முதுகெலும்பு எக்ஸ்ரே தேவையா என்று கட்டாயம் கேளுங்கள்.

கால்சியமும் வைட்டமின் டி-யும் வேண்டும். எலும்புப்புரை வந்தவருக்கு அவை மட்டும் போதாது. எலும்பு கரைவதைக் குறைக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரை தந்தால், காலையில் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகலாம். தொடங்குமுன் சிறுநீரகப் பரிசோதனை அவசியம். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதையும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி, மேலே சொன்ன அந்த ராங்க்-எல் புரதத்தையே தடுக்கிறது. நன்றாக வேலை செய்யும் மருந்து. ஆனால் தவணை தவறினாலோ மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினாலோ எலும்பு வேகமாகக் கரைந்து, அடுத்தடுத்து முதுகெலும்புகள் முறியக்கூடும். எனவே, முதல் ஊசிக்கு முன்பே, பின்னாளில் இதை நிறுத்தினால் அடுத்து என்ன மருந்து என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.