கையில் தூக்கி வரும் அளவு

கேள்வி: மதுரை அண்ணா நகரில் மகன், மருமகளோடு இருக்கிறோம். எனக்கு வயது 54. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்தது. "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். தினமும் நடங்க, சாப்பாட்டைக் குறைங்க" என்றார் டாக்டர். பூங்காவில் சும்மா சுற்றிச் சுற்றி நடக்க எனக்கு வரவில்லை, நாலே நாளில் நின்றுபோனது. உழவர் சந்தை எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேர நடை. முன்பெல்லாம் நான்தான் போய்வருவேன். இப்போது செல்போனில் ஆர்டர் போட்டால் எல்லாம் வாசலுக்கே வந்துவிடுகிறது. நான் பையை எடுத்தாலே, "எதுக்கும்மா வெயில்ல அலையிறீங்க? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்கிறான் மகன். ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலுக்குப் போனால் இன்னொரு தொல்லை. காசு கொடுத்து வாங்கியதை வீணாக்க மனசு வராமல் வயிறு முட்டச் சாப்பிடுகிறேன். பேரன் வைக்கும் மிச்சமும் எனக்குத்தான். என்ன செய்யலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.

பதில்:

அன்புச் சகோதரி,

பூங்காவை விட்டுவிடுங்கள். நாளைக் காலையே பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்புங்கள். உங்கள் டாக்டர் சொன்ன நடையும் அதில் இருக்கிறது, சாப்பாட்டைக் குறைக்கும் வழியும் அதிலேயே தொடங்குகிறது.

முதலில் அந்த 6.1 பற்றி. இந்தப் பரிசோதனையில் 5.7 முதல் 6.4 வரை வந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். இங்கிருந்து திரும்பி வந்தவர்கள் நிறைய பேர். சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. சர்க்கரை ஏறத் தொடங்கி, ஆனால் நோய் என்று சொல்லும் அளவுக்குப் போகாத 531 பேரைச் சேர்த்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடை, உணவு இரண்டையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 சதவீதம். நம் ஊர் ஆட்கள், நம் ஊர்ச் சோறு. அதனால்தான் வெளிநாட்டுக் கணக்குகளைவிட இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அதே ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. உட்கார்ந்தே இருந்தவர்களிடம் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார்கள். ஆனால் ஏற்கெனவே ஏதாவது வேலைக்காக அரை மணிக்கு மேல் நடப்பவர்கள், சைக்கிள் மிதிப்பவர்கள், உடலுழைப்பு செய்பவர்கள் ஆகியோரிடம், "நீங்கள் செய்வதையே விடாமல் செய்யுங்கள்" என்றார்கள். அவர்களைத் தனியாக உடற்பயிற்சி செய்யச் சொல்லவில்லை. உங்களுக்குச் சந்தை கால் மணி நேரம் என்றால், போக வர அரை மணி ஆயிற்று. வாரத்தில் ஐந்து நாள் போனால் 150 நிமிடம். டாக்டர்கள் கேட்பதும் அதைத்தான்.

காரணமில்லாத நடை சிலருக்கு வாய்க்கும், பலருக்கு வாய்க்காது. நான் பல வருடங்கள் உணவு ஆலோசகராக வேலை பார்த்தேன். புது ஷூ வாங்கிய உற்சாகத்தில் தொடங்கிப் பத்தாம் நாள் விட்டவர்கள் எத்தனையோ பேர். "சாயங்காலம் வீட்டில் கீரை இல்லையே" என்று செருப்பை மாட்டியவர்கள் விட்டதில்லை, கீரை தினமும் தீர்ந்துவிடுமே!

உங்கள் வீட்டருகே இருப்பது சாதாரணச் சந்தையும் அல்ல. 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது அங்கேதான். விளைவித்தவர்களே அடையாள அட்டையோடு உட்கார்ந்து விற்கிறார்கள், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கிறது. பேரம் பேசும் களைப்புகூட இல்லை.

இனி எப்படிப் போவது என்று சொல்கிறேன். போகும்போது பை காலி, அப்போதுதான் வேகமாக நடக்க வேண்டும். மூச்சு வாங்கினாலும் பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது. அந்த வேகம் போதும். சந்தைக்குள் நின்று நின்று பார்ப்பதை நடைக் கணக்கில் சேர்க்காதீர்கள். திரும்பும்போது சுமையோடு மெதுவாக வாருங்கள். ஒரு பெரிய பைக்குப் பதில் இரண்டு மஞ்சப்பை எடுத்துப்போய், சுமையைச் சமமாகப் பிரித்து இரண்டு கையிலும் தூக்குங்கள். ஒரே தோளில் மாட்டி இழுத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். இரண்டு பையும் சேர்ந்து மூன்று கிலோவைத் தாண்ட வேண்டாம். பின்னால் வார் உள்ள செருப்பு போடுங்கள், காலைச் சந்தையில் தரை ஈரமாகவே இருக்கும். கத்திரி வெயில் நாட்களில் ஏழு மணிக்கு முன்பே வீடு திரும்பிவிடுங்கள். அப்புறம், வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பசியோடு காய் வாங்கினால் கால் கிலோ அரைக் கிலோவாகும், வரும் வழியில் பணியாரக் கடை வேறு கூப்பிடும். ஒரு டம்ளர் மோர் அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலை போதும். பின்னால் எப்போதாவது மாத்திரை ஆரம்பித்தால் நடைக்கு முன் என்ன சாப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாத்திரைகள் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். அளவு என்பது வாயருகே முடிவாகும் விஷயம் என்று நினைத்துத்தான் நாம் எல்லாரும் தோற்கிறோம். தட்டில் வந்த பிறகு, பசிக்கும் வாசனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, மனத்தை அடக்கு என்றால் எப்படி அடங்கும்? அளவு அதற்கு வெகு முன்பே, வாங்கும் இடத்தில் முடிவாகிவிடுகிறது. செல்போனில் வாங்கும்போது காய் பாக்கெட்டாக வருகிறது. டெலிவரிக் கட்டணம் விழாமல் இருக்க, தேவைப்படாத இரண்டு பொருளையும் சேர்த்துப் போடுகிறோம். அவற்றில் ஒன்று பெரும்பாலும் பிஸ்கட்டோ மிக்சரோதான். வீட்டுக்கு வந்த பிறகு, வீணாகிவிடுமே என்று இரண்டு பொரியல், ஒரு வறுவல். கூடவே சோறும் ஒரு ஆழாக்கு அதிகம்.

கையில் தூக்கி வருபவருக்கு இந்தச் சிக்கலே வராது. "அக்கா, அரைக் கிலோ போடவா?" என்று கேட்கும்போதே கை எடை பார்த்துவிடும். "கால் கிலோ போதும்மா" என்பீர்கள். நான்கு பேருக்கு ஒரு கட்டு அரைக்கீரை, கால் கிலோ கத்திரிக்காய், நூறு கிராம் பீன்ஸ், ஒரு முருங்கைக்காய். அன்றைக்கு அது போதும். மாம்பழக் காலத்தில் பெட்டியாக வாங்காமல் இரண்டு பழம் வாங்குங்கள். இரண்டு வாங்கினால் ஆளுக்கு இரண்டு துண்டு. பெட்டி வந்தால் தீரும் வரை தினம் ஆளுக்கு ஒரு முழுப் பழம். இரண்டும் எங்கே கொண்டுபோய் விடும் என்பது உங்களுக்கே தெரியும். அப்புறம், தட்டில் பாதிக்குக் காயும் கீரையும் வைத்து, அவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கை வையுங்கள். அதே சோறுதான், ஆனால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது.

மகன் சொல்வதை நினைத்து வருந்தாதீர்கள். அம்மாவை வேலை வாங்குகிறோம் என்று ஊர் பேசுமோ என்ற கூச்சம் அது, உங்கள் மேலுள்ள அக்கறைதான் அப்படிப் பேச வைக்கிறது. சண்டை போட வேண்டாம். அந்த ரத்தப் பரிசோதனைத் தாளை அவர் கையில் கொடுத்து, "எனக்கு எழுதின மருந்து இதுதான் தம்பி" என்று சொல்லுங்கள். மருமகளோடு வேலையைப் பிரித்துக்கொள்ளலாம்: அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் செல்போன் பொறுப்பு, கீரையும் காயும் பழமும் உங்கள் பொறுப்பு. அவர்கள் வேலைக்கும் இடைஞ்சலில்லை, உங்கள் தோளுக்கும் பாரமில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கும் இதே வழிதான். ஹோட்டலில் 'அளவுச் சாப்பாடு' என்று பலகை வைத்திருப்பார்களே, எவ்வளவு நல்ல சொல் அது! அதைக் கேட்டு வாங்குங்கள். அளவில்லாச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கிவிட்டு அளவோடு எழுந்திருப்பது யாருக்குமே கஷ்டம். கொடுத்த காசு நினைவில் நிற்கும், பரிமாறுபவர் கரண்டியோடு வந்து நிற்பார். பார்பரா ரோல்ஸ் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் ஒரே ஆட்களுக்கு ஒரே உணவை வெவ்வேறு நாளில் வெவ்வேறு அளவில் வைத்துப் பார்த்தார். 500 கிராம் வைத்த நாளைவிட 1,000 கிராம் வைத்த நாளில் 30 சதவீதம் அதிகம் சாப்பிட்டார்கள். ஆனால் வயிறு நிறைந்ததா என்று கேட்டால் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே பதில்தான். கூடுதலாகப் போனது வயிற்றுக்கே தெரியவில்லை, பாருங்கள். உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று இனிமேல் உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆகவே ஆர்டர் சொல்லும் நேரத்தில் கவனமாக இருங்கள். ஐந்து பேர் போனால் மூன்று பேருக்கானதை முதலில் சொல்லுங்கள். அது தீர்ந்த பிறகு பசி இருந்தால் இன்னொன்று. பிரியாணி என்றால் ஒரு பிரியாணி, கூடவே ஒரு காலி தட்டு. கொத்து பரோட்டாவும் இரண்டு பேருக்கு ஒன்று. சூப்பை ஒன் பை டூ கேட்க யாரும் கூச்சப்படுவதில்லை, மற்றதற்கு மட்டும் ஏன் கூச்சம்? பரோட்டா ஒன்றோடு நிறுத்தி, பக்கத்தில் ஒரு ஆம்லெட்டோ வெங்காயப் பச்சடியோ வைத்துக்கொள்ளுங்கள். சால்னாவை ஊற்றிக் குளிப்பாட்டாமல் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொள்ளுங்கள். மதுரையில் இருந்துகொண்டு ஜிகர்தண்டா குடிக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். சின்ன கிளாஸ் ஒன்று வாங்கி நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் பாதிப் பாதி குடியுங்கள். அதில் பால், சர்பத், ஐஸ்க்ரீம் மூன்றிலும் இனிப்பு இருக்கிறது.

சாப்பிட்டு எழுந்ததும் நேரே வண்டியில் ஏறாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், சாப்பாட்டிலிருந்து ரத்தத்தில் இறங்கும் சர்க்கரையைக் கால் தசைகள் இழுத்துக்கொள்ளும். டவுன் ஹால் ரோடு பக்கம் சாப்பிட்டால், கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதிகளில் வண்டித் தொல்லை இல்லாமல் நடக்கலாம். பேச்சோடு பேச்சாக நடை முடிந்துவிடும்.

வீணாக்க மனசு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த மனசை மாற்றிக்கொள்ளச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சோற்றின் அருமை தெரிந்த தலைமுறை நாம். கைப்பையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட ஆரம்பிக்கும் முன்பே, கை படாமல், கூடுதலாகத் தெரிவதை அதில் எடுத்து வைத்துவிடுங்கள். இட்லி, பரோட்டா, சப்பாத்தி என்றால் நன்றாகத் தாங்கும். சோறோ கறியோ என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் ஆவி பறக்கச் சூடுபண்ணிச் சாப்பிடுங்கள். கல்யாண வீட்டில் டப்பா எடுக்க முடியாது. அங்கே பரிமாறுபவர் வரிசையில் இரண்டு இலைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே கையை இலைக்கு மேல் வைத்துவிட வேண்டும். வந்து நின்ற பிறகு உபசாரத்தை மறுக்க நம்மால் முடியாது.

கடைசியாகப் பேரன். அவனுக்கென்று தனியாக ஒரு முழு தோசை வாங்குவதால்தானே மிச்சம் விழுகிறது? இனிமேல் வாங்காதீர்கள். காலித் தட்டு ஒன்று கேட்டு, உங்கள் தட்டிலிருந்து முதலில் அவனுக்கு எடுத்து வையுங்கள். அவன் கேட்கக் கேட்க இன்னும் கொஞ்சம். உங்கள் பங்கு குறையும், அவன் தட்டும் காலியாகும். பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் அவனையும் சந்தைக்குக் கூட்டிப்போங்கள். கொசுறாகத் தரும் கறிவேப்பிலையைத் தூக்கி வருவது அவன் வேலையாக இருக்கட்டும்.