முடக்குவாதம், மண்ணீரல், வெள்ளை அணு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

16 வருஷமாக முடக்குவாதம். இப்போது மூட்டு வலி அவ்வளவாக இல்லை. ஆனால் ஸ்கேனில் மண்ணீரல் வீக்கம், ரத்தத்தில் வெள்ளை அணு 2,100தான். ரத்தப் புற்றுநோயா டாக்டர்?
– வாசகி, திருமங்கலம்

அவ்வளவு தூரம் இப்போதே போக வேண்டாம்மா. நாள்பட்ட முடக்குவாதம், மண்ணீரல் வீக்கம், நியூட்ரோஃபில் (கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணு) குறைவு மூன்றும் சேர்ந்து வந்தால் ஃபெல்டி நோய் என்போம். 1924ல் அமெரிக்க மருத்துவர் அகஸ்டஸ் ஃபெல்டி எழுதிவைத்தது. பெரும்பாலும் முடக்குவாதம் வந்து பத்து வருஷம் தாண்டியவர்களிடம்தான் தலைகாட்டும். அந்த நேரம் பார்த்து மூட்டு அடங்கிக் கிடக்கும். 'சரியாகிவிட்டது' என்று மருந்தை விட்டவர்கள் நிறையப் பேர். அரை இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறதா, கணுக்காலுக்கு மேலே ஆறாத புண் இருக்கிறதா, இவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் மொத்த எண்ணிக்கையோடு நிற்காதீர்கள். அதன் கீழே நியூட்ரோஃபில் சதவீதம் இருக்கும். அது 40 என்றால், 2,100ல் 840. நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். 1,500க்குக் கீழே போனால் குறைவு, 500க்குக் கீழே போனால் பெரிய ஆபத்து.

மலேரியா, காசநோய், கல்லீரல் நோயிலும் மண்ணீரல் வீங்கும். ஃபெல்டி போலவே தோன்றும், லிம்போசைட் என்ற இன்னொரு வெள்ளை அணுவில் வரும் ஒருவகைப் புற்றுநோயும் உண்டு. அதனால் இவற்றையெல்லாம் விலக்கிய பிறகே பெயர் வைக்க வேண்டும்.

அம்மாவுக்கு வெள்ளை அணு குறைவு. முடக்குவாதத்துக்குப் போடும் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிடலாமா?
– மேலூர்

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஃபெல்டி என்று உறுதியானால் முதலில் கொடுக்கும் மருந்தே பெரும்பாலும் அதுதான். நோய் அடங்கினால் அணுக்கள் ஏறும். அதே மாத்திரை அணுக்களைக் குறைக்கவும் செய்யும் என்பதுதான் சிக்கல். முதலில் அட்டையை எடுத்துப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு நாள் போட வேண்டிய மருந்து இது. தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகும். அப்படி நடந்திருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இல்லையென்றால் காலண்டரில் ஒரு கிழமையை வட்டம் போட்டுவையுங்கள். 'தினமும் ஒன்று' என்று எழுதியிருந்தால் அது இதோடு சேர்த்துக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையா என்று மருந்துக்கடையில் கேட்டுவிடுங்கள்.

சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) சாப்பிட்டால் வெள்ளை அணு ஏறுமா?
– செல்லூர்

ஏறாது. ஆட்டு மண்ணீரலில் இரும்புச்சத்து உண்டு, அது சிவப்பணுவுக்கு உதவும். நம் மண்ணீரலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆசைக்குச் சாப்பிடுங்கள், நன்றாக வெந்திருக்கட்டும்.

எனக்கு நியூட்ரோஃபில் குறைவு. சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்குப் போய்வந்து காய்ச்சல். பாராசிட்டமால் போட்டு இரண்டு நாள் பார்க்கலாமா?
– உசிலம்பட்டி

மற்றவர்கள் பார்க்கலாம், நியூட்ரோஃபில் குறைந்த உங்களுக்கு அந்த இரண்டு நாள் கிடையாது. 100.4 டிகிரி தொட்டால் ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கிருமியோடு சண்டை போட ஆள் குறைவு என்பதால் சீழோ வீக்கமோ பெரிதாகத் தெரியாமலே தொற்று ரத்தத்தில் ஏறிவிடும். 'எனக்கு நியூட்ரோஃபில் குறைவு' என்று வாசலிலேயே சொல்லி, பழைய ரிப்போர்ட்டை நீட்டுங்கள்.

மண்ணீரலை எடுத்துவிட்டால் ஃபெல்டி நோய் தீருமா?
– வாடிப்பட்டி

பலருக்கு அணுக்கள் ஏறும், சிலருக்கு மறுபடி இறங்கும். முடக்குவாதம் அப்படியேதான் இருக்கும். இப்போது ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்துகள் இருப்பதால் எவையும் கேட்காதபோதுதான் கத்தி. எடுப்பதென்று முடிவானால் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (Hib) கிருமிகளுக்கான தடுப்பூசிகளை குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.