கணிய அளவையியலும் கட்டுமானத் தள முகாமைத்துவமும் சேர்ந்த பட்டத்தைப் படிக்கலாமா? அது வெறும் பட்டியல் எழுதும் வேலைதானா?

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தும் பொறியியல் பீடத்துக்கு இசட் புள்ளி போதவில்லை என்றும், கணிய அளவையியலையும் (கட்டட வேலைகளின் அளவையும் செலவையும் கணிக்கும் துறை) தள முகாமைத்துவத்தையும் ஒன்றாகக் கற்பிக்கும் ஒரு பட்டப்படிப்பில் சேர வீட்டார் சொல்வதாகவும், அது அலுவலகத்தில் இருந்து பட்டியல் எழுதும் எழுதுவினைஞர் வேலையாகவே முடிந்துவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் இந்தத் துறையில் பட்டம் பெற்று, முதலில் யாழ்ப்பாணப் பக்கத்திலும் பின்னர் கட்டாரிலும் வேலை செய்தவன். படிக்கலாம் என்பதே என் பதில். ஆனால், எதைப் படிக்கப் போகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

முதலாம் ஆண்டில் உங்களை அதிகம் வருத்தப்போகும் பாடம் அளவீடு. வரைபடத்தைப் பார்த்து, கட்டடத்தின் ஒவ்வொரு வேலையையும் அதன் அலகில் அளந்து எழுதுவதை எங்கள் துறையில் டேக்கிங் ஓஃப் என்பார்கள். கேட்பதற்கு எளிதாக இருக்கும். வெளிப்புற அளவு 12 மீற்றருக்கு 8 மீற்றர் உள்ள ஒரு சிறு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரின் தடிப்பு 225 மில்லிமீற்றர். அத்திவாரக் கிடங்கின் நீளம் எவ்வளவு என்று கேட்டால், புதிதாக வந்த மாணவர்களில் பெரும்பாலானோர் சுற்றளவைக் கூட்டி 40 மீற்றர் என்பார்கள். அப்படிச் சொன்னால் நான்கு மூலைகளும் இரண்டு தடவை எண்ணப்பட்டுவிடும். ஒவ்வொரு மூலைக்கும் ஒரு சுவர்த் தடிப்பைக் கழித்து, சுவரின் மையக் கோட்டு நீளமாக 39.10 மீற்றரை எடுக்க வேண்டும். கிடங்கு 0.60 மீற்றர் அகலமும் 0.90 மீற்றர் ஆழமும் என்றால் சரியான விடை 21.11 கன மீற்றர். பிழையான விடை 21.60. அரைக் கன மீற்றர் மண்தானே என்று தோன்றும். ஆனால் அதே நீளத்தைத்தான் அடித்தளக் கொங்கிறீற்றுக்கும், அத்திவாரக் கட்டுக்கும், ஈரந்தடுப்புப் படைக்கும், மேலே எழும் சுவருக்கும் எடுக்கப்போகிறீர்கள். ஒரு பிழை கூரை வரையில் ஏறிப்போகும். என்னுடைய முதல் ஒப்படையில் அந்த 40.00 என்ற எண்ணைச் சுற்றி விரிவுரையாளர் சிவப்பு மையால் வட்டமிட்டு, அதிலிருந்து பிறந்த ஒவ்வொரு எண்ணையும் தாளின் கடைசி வரி வரை கோடு போட்டு இணைத்துத் தந்திருந்தார். அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன்.

எந்த வேலையை எந்த அலகில் அளப்பது, எதைத் தனி உருப்படியாகக் காட்டுவது, எதைக் கழிப்பது என்பவற்றுக்கு விதிமுறை உண்டு. இலங்கையில் கட்டட வேலைகளுக்கு எஸ்.எல்.எஸ். 573 என்ற தரம் இருக்கிறது. பிரித்தானியாவில் 2013 முதல் என்.ஆர்.எம். 2 என்ற அளவீட்டு விதித்தொகுப்பு நடைமுறையில் உள்ளது. கணினி மென்பொருள் இப்போது வரைபடத்தின் மேலேயே அளந்து தந்துவிடும். ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகள் கையால் அளக்க வைக்கும் இடத்திலேயே படியுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். கையால் அளந்து பழகாதவருக்கு, மென்பொருள் தரும் எண் தவறானது என்ற சந்தேகமே எழாது.

இனி, தள முகாமைத்துவம். அளவையியலோடு இதை ஏன் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பயிற்சிக் காலத்தில்தான் விளங்கியது. யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் மேல்மண் மெல்லியது; கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புக்கல். நான் பயிலுநராக இருந்த ஒரு தளத்தில், இரண்டு மாடிக் கட்டடத்துக்குக் கிடங்கு வெட்டியபோது, ஒரு பக்கம் முழுவதும் கல் வந்துவிட்டது. பிரேக்கர் எனும் கல் உடைக்கும் இயந்திரம் கொண்டுவந்து மூன்று நாள் உடைத்தார்கள். பி.ஓ.கியூ.வில், அதாவது ஒவ்வொரு வேலையின் அளவையும் விலையையும் காட்டும் ஒப்பந்தப் பட்டியலில், கல் உடைப்பதற்குத் தனி உருப்படியும் தனி விலையும் இருந்தன. ஏறத்தாழ 31 மீற்றர் நீளம், 0.90 அகலம், 0.40 ஆழம், பெருக்கினால் 11 கன மீற்றருக்குச் சற்று மேல். ஆனால் மழை வரும்போல் இருந்ததால், நான்காம் நாள் காலையிலேயே கிடங்கில் கொங்கிறீற்றுப் போட்டுவிட்டார்கள். ஆலோசகர் தரப்புப் பொறியியலாளரை அழைத்துவந்து, கல்லின் மேல்மட்டத்தையும் கிடங்கின் அடிமட்டத்தையும் ஒன்றாக அளந்து கையொப்பம் வாங்கவில்லை. மாத இறுதியில் செய்த வேலைக்குப் பணம் கோரும் பட்டியலைக் கொடுத்தபோது, கல் இருந்ததை எவரும் மறுக்கவில்லை. எவ்வளவு இருந்தது என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. பிரேக்கருக்கும் ஆட்களுக்கும் கொடுத்த பணத்தில் ஒரு சிறு பங்குகூடத் திரும்பி வரவில்லை. கொங்கிறீற்றுப் போடுவதற்கு முதல்நாள் மாலையில் அந்தக் கிடங்கின் ஓரத்தில் நின்றவர்களில் நானும் ஒருவன். என் கையில் அளவு நாடா இருந்தது. அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, சொல்லித்தரவும் எவரும் இருக்கவில்லை.

மூடப்படும் வேலையை மூடுவதற்கு முன் அளக்க வேண்டும். அத்திவாரம், கம்பி கட்டுதல், சுவருக்குள் போகும் குழாய் எல்லாம் இப்படிப்பட்டவை. ஆகவே அளப்பவருக்கு வேலை நடக்கும் ஒழுங்கு தெரிந்திருக்க வேண்டும்: நாளை எங்கே கொங்கிறீற்று, கொங்கிறீற்றைத் தாங்கும் பலகை எப்போது கழற்றப்படும், எந்த வேலை பிந்தினால் முழுக் கட்டடமும் பிந்தும் என்பவை. தள முகாமைத்துவப் பாடங்கள் இதைத்தான் தருகின்றன. வேலை நிரலை வரைதல், ஆட்களையும் பொருட்களையும் கணித்தல், பாதுகாப்பு, தரச் சோதனை என்று அது விரியும். ஒரு மீற்றர் கம்பியின் எடையை, மில்லிமீற்றரில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுத்துப் பெறலாம் என்று வகுப்பில் படிப்பீர்கள். 12 மில்லிமீற்றர்க் கம்பி மீற்றருக்கு 0.89 கிலோகிராம் வரும். தளத்தில் அதே கணக்கை வைத்து, 12 மீற்றர் நீளமான கம்பி ஒன்று ஏறத்தாழ 10.7 கிலோகிராம் என்று மனத்தால் கணித்து, லொறியில் வந்த கட்டுகளை எண்ணிச் சரிபார்க்கும்போது அது வேறொரு அறிவாகிவிடும். கணக்கு கடினமானது அன்று. உங்கள் உயர்தரக் கணிதம் தாராளமாகப் போதும்.

நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது கணக்கில் அன்று, ஒப்பந்தச் சட்டத்தில். பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ் மொழிமூலம் படித்து வந்த எனக்கு முதல் ஆண்டு மிகவும் கடினமாக இருந்தது. ஒப்பந்த ஆவணத்தில் ‘செய்ய வேண்டும்’ என்பதற்கும் ‘செய்யலாம்’ என்பதற்கும் இடையே பல இலட்சம் ரூபா இருக்கும். வெளிநாட்டில் பரவலாகப் பயன்படும் ஃபிடிக் எனும் மாதிரிக் கட்டுமான ஒப்பந்தத்தின் 1999 ஆம் ஆண்டுச் செம்பதிப்பில் 20.1 ஆம் வாசகம், மேலதிகக் காலமோ பணமோ கோரும் ஒப்பந்தகாரர் அதற்கான நிகழ்வை அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய, நாளிலிருந்து 28 நாட்களுக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்கிறது. கொடுக்காவிட்டால் உரிமையே போய்விடும். கட்டாரில் என் வேலையின் பெரும்பகுதி அந்த 28 நாட்களைத் தவறவிடாமல் கடிதம் எழுதுவதாகத்தான் இருந்தது. ஆகவே இப்போதிருந்தே ஆங்கிலத்தில் நாளுக்கு ஒரு பக்கமாவது எழுதிப் பழகுங்கள்.

2022 இல் நம் நாட்டில் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவை எட்டியபோது, சீமெந்தும் கம்பியும் என்ன பாடு படுத்தின என்பது உங்களுக்கு நினைவிருக்கும். விலை மாற்றத்துக்கு ஈடு தரும் சூத்திரம் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள், மாதாந்த விலைச் சுட்டெண்களைக் கொண்டு ஓரளவேனும் மீட்டுக்கொண்டார்கள். அந்த வாசகத்தை நீக்கிவிட்டுக் குறைந்த விலைக்குக் கையொப்பமிட்ட சிறு ஒப்பந்தகாரர்கள் வேலையை இடைநடுவில் விட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் கலவை இயந்திரத்தை விற்று மேசன்மாருக்குச் சம்பளம் கொடுத்தார். கையொப்பமிடுவதற்கு முன் அவருக்கு அதைப் படித்துச் சொல்ல ஓர் அளவையாளர் பக்கத்தில் இருந்திருக்கலாமே என்று இன்றும் கவலைப்படுகிறேன். உங்கள் வீட்டார் இதைப் பட்டியல் எழுதும் வேலை என்று நினைத்தால், இந்த ஒன்றைச் சொல்லுங்கள்.

எங்கே படிப்பது என்பதில் சுருக்கமாகவே சொல்கிறேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் பட்டம் கிடைக்குமானால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். கிடைக்காவிட்டால், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து பட்டம் தரும் தனியார் கல்லூரிகள் கொழும்பில் உள்ளன. கட்டணம் கட்டுவதற்கு முன், 1868 இல் இலண்டனில் தொடங்கிய, அளவையாளர்களுக்கான தொழில்சார் அமைப்பான ஆர்.ஐ.சி.எஸ். நிறுவகத்தின் அங்கீகாரம் அந்தப் பாடநெறிக்கு, அந்த வளாகத்துக்கு, இருக்கிறதா என்பதைக் கல்லூரியின் விளம்பரத்தில் அன்றி, அந்த நிறுவகத்தின் பட்டியலிலேயே தேடிப் பாருங்கள். பட்டத்தோடு எல்லாம் முடிந்துவிடாது. அந்த நிறுவகத்தில் பட்டய உறுப்பினராவதற்கு, அங்கீகாரம் பெற்ற பட்டத்தோடு புதிதாக வருபவர் பொதுவாக 24 மாதப் பயிற்சியை முடித்து, தாம் செய்த ஒரு வேலையைப் பற்றி 3000 சொற்களில் எழுதி, ஒரு மணி நேர நேர்முகத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். தளத்தில் நின்றிராதவரால் அந்த ஒரு மணி நேரத்தைக் கடத்த முடியாது. எனவே பாடநெறியில் கட்டாயப் பயிற்சி எத்தனை மாதம், அதைத் தேடித் தருவது கல்லூரியா மாணவரா என்பதையும் கேட்டு வையுங்கள்.

விண்ணப்பிக்குமுன் ஒரு சிறு வேலை செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் ஓர் அறையின் உட்சுவர்ப் பூச்சு எத்தனை சதுர மீற்றர் என்று, கதவையும் யன்னலையும் கழித்து, அவற்றின் பக்கவாட்டுப் பூச்சைக் கூட்டி, ஒரு கொப்பித் தாளில் எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து முதல் தாளைப் பார்க்காமல் மறுபடி அளந்து எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டு விடைகளும் ஒத்துவராவிட்டால், அனேகமாக யன்னல் பக்கவாட்டில்தான் பிழை இருக்கும். அங்கிருந்து தேடத் தொடங்குங்கள். தாள்களைப் படமெடுத்து அனுப்பினால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.