சோழவரம் மட்டும் ஏன் வெளிறித் தெரிகிறது?

கேள்வி: பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் மாத நீர் இருப்பை எக்செல்லில் வைத்திருக்கிறேன். ஆர் (R) என்ற நிரல் மொழியில் வண்ணக் கட்டங்களாகப் போட்டால் சோழவரம் எப்போதும் வெளிறியே இருக்கிறது. மாதங்களும் தாறுமாறாக வருகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: சிக்கல் எண்ணில்தான். சோழவரத்தின் முழுக் கொள்ளளவே 1,081 மில்லியன் கன அடி, செம்பரம்பாக்கத்துக்கு 3,645. இரண்டுக்கும் ஒரே வண்ண அளவுகோல் வைத்தால், கரை ததும்பும் சோழவரமும் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாத செம்பரம்பாக்கமும் ஒரே நிறத்தில் தெரியும். ஒவ்வொரு ஏரியின் இருப்பையும் அதனதன் கொள்ளளவால் வகுத்துச் சதவீதமாக்குங்கள். புழலுக்கு 3,300, பூண்டிக்கு 3,231.

அப்புறம், ‘பிவட்_லாங்கர்’ (pivot_longer) என்ற கட்டளை கொண்டு அட்டவணையை மாதம், ஏரி, சதவீதம் என்ற மூன்று நெடுவரிசைகளாக மாற்றி, படம் வரையும் தொகுப்பான ஜிஜிபிளாட்2-இல் (ggplot2) கட்டங்கள் வரையும் ‘ஜியோம்_டைல்’ (geom_tile) கட்டளையைப் போடுங்கள். சதவீதத்தை, கட்டத்தின் உள்நிறமான ‘ஃபில்’லுக்குக் கொடுக்க வேண்டும். ‘கலர்’ என்று கொடுத்தால் கட்டத்தின் ஓரம் மட்டும்தான் நிறம் மாறும். புதியவர்கள் பலர் முட்டிக்கொள்ளும் இடம் இது.

மாதப் பெயர்கள் ஆர் மொழிக்கு வெறும் எழுத்துகள். அகரவரிசைப்படி அக்டோபரும் ஆகஸ்டும் முன்னால் வந்து நிற்கும். ‘ஃபேக்டர்’ கட்டளையின் ‘லெவல்ஸ்’ பகுதியில் ஜனவரி முதல் வரிசையாக எழுதிவிட்டால் சரி.

நிறத்தை 25, 50, 75 என்று படிகளாகப் பிரிப்பது பார்ப்பவருக்கு எளிது. அதற்கு ‘கட்’ (cut) கட்டளை போதும். ஆனால் ஒரு பொறி உண்டு: 0-வில் தொடங்கும் படியில், சரியாக 0 என்ற மதிப்பை அது சேர்த்துக்கொள்ளாது, விடுபட்ட தரவாக்கிவிடும். ‘இன்க்ளூட்.லோயஸ்ட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்குங்கள். நம் ஊருக்கு இது சின்ன விஷயமில்லை. 2019 கோடையில் இந்த ஏரிகள் ஏறக்குறைய வற்றிக் கிடந்தன. வற்றிய மாதமும் பதிவில்லாத மாதமும் ஒன்றாகத் தெரியக் கூடாது. பதிவில்லாத இடத்தில் 0 போடாமல் வெறுமையாக விட்டு, அதற்குச் சாம்பல் நிறத்தை நீங்களே குறிப்பிடுங்கள்.

சிவப்பு–பச்சை வேண்டாம்; அவற்றைப் பிரித்தறிய முடியாத ஆண்கள் கணிசமாக உண்டு. வெளிர் நீலத்திலிருந்து அடர் நீலம் வரை போகும் ‘புளூஸ்’ வண்ணத் தொகுப்பு தண்ணீருக்குப் பொருந்தும். தமிழ்ப் பெயர்கள் படத்தில் சிதைந்தால், படம் சேமிக்க உதவும் ‘ராக்’ (ragg) தொகுப்பின் வழியே பிஎன்ஜியாகச் சேமித்துப் பாருங்கள்.