குளிர் நாடுகளில் பனைக் குடும்ப மரங்கள்: குளிர்காலப் பாதுகாப்பு குறித்த கேள்வி-பதில்

கனடா, பிரிட்டன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளில் வாழும் வாசகர்கள், வீட்டுத் தோட்டத்தில் நட்ட பனைக் குடும்பத்து மரங்களைக் குளிர்காலத்தில் எப்படிக் காப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். தனித்தனிப் பதில்களுக்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். இக்குடும்பத்தின் பெரும்பாலான மரங்களுக்கு உச்சியில் ஒரேயொரு குருத்துதான் உண்டு. அது அழிந்தால், வேம்பும் மாவும் துளிர்ப்பதைப் போல வேறோர் இடத்திலிருந்து துளிர்க்க அவற்றால் இயலாது. ஓலைகள் கருகினாலும் மரம் பிழைக்கும், குருத்து கருகினால் பிழைப்பது அரிது. ஆகையால் கீழே நான் கூறும் எல்லா முறைகளுக்கும் நோக்கம் குருத்தை நனையாமலும் வேரை உறையாமலும் வைத்திருப்பதே.

டொரன்டோவில் நிலத்திலேயே நட்டு வளர்க்கக்கூடிய பனை வகை ஏதேனும் உண்டா? (ஸ்கார்பரோ வாசகர்)

உண்டு. ஆனால் ஆண்டுதோறும் உழைக்க ஆயத்தமாக இருப்பவர்களுக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன். டொரன்டோவில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸை ஒட்டிச் செல்லும் இரவுகள் பல குளிர்காலங்களில் வருகின்றன. நாற்றுப்பண்ணைகளில் ‘விண்ட்மில் பாம்’ என்ற பெயரில் விற்கப்படும் டிராக்கிகார்ப்பஸ், நன்றாக வேரூன்றி, கொண்டை ஈரமில்லாமல் இருந்தால், ஏறத்தாழ மைனஸ் 15 டிகிரி வரை சிறிது நேரம் தாங்கும். அதுவும் ஓலைகளுக்குச் சேதம் நேர்ந்த பிறகே. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களுக்குரிய ‘நீடில் பாம்’ மைனஸ் 20 வரையிலும், அதே பகுதியைச் சேர்ந்த ‘சபால் மைனர்’ மைனஸ் 18 அளவிலும் தாக்குப்பிடிப்பவை. இந்த எண்களை உறுதிமொழியாகக் கொள்ள வேண்டாம்; ஒரே இரவு மைனஸ் 15 ஆவதும், ஒரு வாரம் முழுவதும் பகலிலும் உறைநிலைக்கு மேலே ஏறாமல் இருப்பதும் மரத்துக்கு முற்றிலும் வேறான சோதனைகள்.

என்னைக் கேட்டால் உங்கள் ஊருக்கு நீடில் பாம் அல்லது சபால் மைனரையே தேர்ந்தெடுப்பேன். இரண்டும் தரையோடு தரையாக வளர்வதால் மூடுவது எளிது. சபால் மைனரின் தண்டு பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. நீடில் பாம் பக்கக்கன்று விட்டுத் தூராக வளர்வதால் ஒரு குருத்து போனாலும் மற்றொன்று நிலைக்க வாய்ப்புண்டு. ஒன்டாரியோவின் சூடான கோடை இவற்றுக்கு ஏற்றது. குறை, இவை மிகமிக மெதுவாக வளரும் என்பதே. உயர்ந்த தண்டுள்ள டிராக்கிகார்ப்பஸ் அழகுதான், ஆனால் ஆள் உயரத்தைத் தாண்டியபின் குளிர்காலத்தில் அதை மூடிக் காக்கும் கூடு கட்டுவது ஒரு சிறு கட்டட வேலையாகிவிடும்.

நடுவதற்கு உகந்த காலம் மே மாதக் கடைசி அல்லது ஜூன். அப்போதுதான் முதல் உறைபனிக்கு முன் வேர் பரவ முழுக் கோடையும் கிடைக்கும். தெற்கு நோக்கிய செங்கல் சுவரை ஒட்டி, வாடைக்காற்று நேராகத் தாக்காத இடமாகவும், கூரையிலிருந்து பனி சரிந்து விழாத இடமாகவும் பாருங்கள். நடைபாதையிலும் வாகன வழியிலும் தூவும் உப்பு வந்து சேரும் இடத்தில் நடவே கூடாது. களிமண் நிலமானால் மண்ணை மேடாக்கி அதன்மேல் நடுங்கள். உறைந்த ஈரக் களிமண்ணில் வேர் மூச்சுத் திணறிவிடும். டொரன்டோ வட்டாரத்தில் நிலம் ஒரு மீட்டருக்கு மேலான ஆழம் வரை உறையக்கூடும் என்று கணக்கிட்டே வீடுகளுக்கு அடித்தளம் இடுகிறார்கள். எனவே நவம்பரில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கேனும் காய்ந்த இலைகளையோ மரப்பட்டைத் துண்டுகளையோ ஓரடி உயரத்துக்குப் பரப்புவது, மேலே எத்தனை போர்வை சுற்றினாலும் தவிர்க்க முடியாத முதல் வேலை.

கூட்டுக்குள் வெப்பம் தருவதற்கு கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் சுற்றலாமா? பிளாஸ்டிக் தாளால் மூடுவது போதுமா? (மிசிசாகா வாசகர்)

இப்போது கடைகளில் கிடைக்கும் எல்இடி சரங்கள் ஒளி தருமே தவிர, பயன்படும் அளவுக்கு வெப்பம் தரா. பழைய இழை பல்புச் சரங்கள் வெப்பம் தரும். குழாய்கள் உறையாமலிருக்கச் சுற்றும் வெப்பக் கேபிளையும் பயன்படுத்தலாம். எதுவானாலும் வெளிப்புறப் பயன்பாட்டுக்கென்று குறிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் தானாகத் துண்டிக்கும் இணைப்பில்தான் செருக வேண்டும். சூடான பல்பு காய்ந்த ஓலையையோ வைக்கோலையோ டிராக்கிகார்ப்பஸ் தண்டைப் போர்த்தியிருக்கும் பன்னாடையையோ தொட்டுக்கொண்டிருந்தால் தீப்பற்றும். விளக்கு வைக்கும் கூட்டுக்குள் வைக்கோல் திணிக்காதீர்கள். சரத்தை மரத்தின்மேல் சுற்றாமல் கூட்டின் சட்டத்தில் கட்டுங்கள்.

வெப்பத்தை இடைவிடாமல் எரியவிடுவதும் தவறு. சுமார் 2 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இயங்கி, 7 டிகிரியில் நின்றுவிடும் வெப்பநிலைச் செருகிகள் கடைகளில் கிடைக்கின்றன. மின்செலவும் குறையும், மரமும் நடுக்குளிரில் தவறாக விழித்து இளங்குருத்து விடாது. கூட்டுக்குள் ஓர் உணர்கருவியை வைத்து வீட்டுக்குள்ளிருந்தே வெப்பநிலையைப் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

பிளாஸ்டிக் தாளை மரத்தோடு ஒட்டிச் சுற்றவே கூடாது. வெயிலடிக்கும் பகலில் உள்ளே வெந்துபோகும், இரவில் உள்பக்கம் வியர்த்து நீர் குருத்தில் இறங்கும். நான்கு கம்புகளை நட்டு, கம்பி வலையோ சட்டமோ அமைத்து, பக்கங்களில் தெர்மோகோல் பலகையோ காற்றுப்புகும் தோட்டத்துணியோ கோணிச் சாக்கோ வைத்து மூடி, மேலே மட்டும் நீர் வழிந்தோடும்படி சாய்வான கூரை போடுங்கள். பிளாஸ்டிக்குக்கு உரிய இடம் அந்தக் கூரை மட்டுமே. உறைநிலைக்கு மேலே போகும் நாள்களில் ஒரு பக்கத்தைத் திறந்து காற்றாட விடுங்கள்.

லண்டனில் எங்கள் டிராக்கிகார்ப்பஸ் ஆறடி உயரம். ஒவ்வோர் ஆண்டும் மூட வேண்டுமா?

வேண்டாம். வேரூன்றிய மரம் லண்டன் குளிரை எந்தப் போர்வையுமின்றித் தாங்கும். 1849 அளவில் தாவர சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து அனுப்பிய மரங்களிலொன்று வைட் தீவில் உள்ள ஆஸ்பர்ன் மாளிகைத் தோட்டத்தில் 1851இல் நடப்பட்டது. அவர் பெயரையே இவ்வினம் (டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனி) தாங்குகிறது. அன்றிலிருந்து பிரிட்டன் தோட்டங்களில் இது வளர்ந்துவருகிறது. ஓலைகள் கிழிந்து தொங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அது குளிரால் நேர்ந்ததன்று, காற்றால் நேர்ந்தது. நட்டு இரண்டு குளிர்காலங்கள் ஆகாத இளமரங்களுக்கு மட்டும், கடும் உறைபனி அறிவிப்பு வரும்போது தோட்டத்துணியைப் போர்த்தி, அறிவிப்பு நீங்கியதும் எடுத்துவிடுங்கள்.

வான்கூவரில் இருக்கிறோம். மார்ச் மாதத்தில் எங்கள் டிராக்கிகார்ப்பஸின் நடுக்குருத்தை மெல்ல இழுத்தபோது கையோடு வந்துவிட்டது. அடி பழுப்பாகி நாறியது. மரம் செத்துவிட்டதா?

இந்தத் தபாலில் மிகுந்த கவலையோடு எழுதப்பட்ட கேள்வி இது. நம்பிக்கை இழக்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னையில் குருத்தழுகல் நோயைப் பார்த்தவர்களுக்கு இந்த நாற்றம் பழக்கமானதாக இருக்கும். தென்னையில் மழைக்காலத்தில் பைட்டோப்தோரா என்னும் நோய்க்கிருமி நேராகத் தாக்குகிறது. குளிர் நாடுகளில் பெரும்பாலும் நிகழ்வது வேறு வரிசை: குருத்தின் இளந்திசு உறைந்து செத்துவிடுகிறது, அதன்பின் அங்கே தேங்கிய நீரில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் பெருகி அழுகலைக் கீழ்நோக்கிக் கொண்டுபோகின்றன. வளர்முனை குருத்தின் அடியிலும் கீழே, தண்டுக்குள் பொதிந்திருக்கிறது. அழுகல் அதுவரை எட்டியிராவிட்டால் மரம் மீளும்.

இன்னும் வேறு ஓலைகள் உருவி வருகின்றனவா என்று மென்மையாகச் சோதித்து, வருபவற்றை அகற்றுங்கள். வராதவற்றை வலிந்து இழுக்காதீர்கள். மழை படாதபடி கொண்டைக்கு மேலே ஒரு கூரை கட்டுங்கள். குருத்து இருந்த குழியில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி, நுரைத்து அடங்கியபின் உலர விடுங்கள். சில நாள் இடைவெளியில், நுரைப்பது குறையும்வரை இதைத் திரும்பச் செய்யலாம். தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லியும் உதவும். எனினும் வீட்டுத் தோட்டத்தில் அதைப் பயன்படுத்த உங்கள் ஊரில் அனுமதியுண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்தில் உரமிட வேண்டாம். பச்சையாயிருக்கும் எந்த ஓலையையும், பாதி கருகியிருந்தாலும், வெட்ட வேண்டாம், மரம் அவற்றைக் கொண்டுதான் உணவு தயாரிக்க வேண்டும்.

பிறகு காத்திருக்க வேண்டியதுதான். ஜூலையோ ஆகஸ்டோ வரை ஒன்றும் தெரியாமலிருந்து, அதன்பின் நுனி வெட்டுண்டதைப் போன்ற குட்டை ஓலை ஒன்று வெளிவருவது உண்டு. அது கோணலாக இருந்தால் அஞ்ச வேண்டாம், அடுத்தடுத்து வருபவை நேராகும். இன்னொரு மரத்தில் குருத்து உருவி வராமல் ஐயம் மட்டும் இருக்கிறது என்றால், குருத்துக்கும் பக்கத்து ஓலை மட்டைக்கும் குறுக்கே பேனாவால் ஒரே கோடாக வரைந்து வையுங்கள். வெயில் காலத்தில் கோடு விலகினால் வளர்முனை உயிரோடிருக்கிறது. இங்கிலிஷ் பே கடற்கரையில் உங்கள் நகரம் வளர்க்கும் பனைகளும் இதே டிராக்கிகார்ப்பஸ்தான், உங்கள் ஊரின் தட்பவெப்பம் இம்மரத்துக்குப் பொருந்தும் என்பதை அவை காட்டுகின்றன. வரும் நவம்பரிலிருந்து கொண்டைக்கு மழைமறைப்பு மட்டும் தவறாமல் செய்யுங்கள்.

எப்போது மூடி, எப்போது திறப்பது? ஓலைகளை முன்பே கழித்துவிட்டால் மூட வசதியாக இருக்குமே? (நியூ ஜெர்சி வாசகர்)

எவ்வளவு தாமதமாக மூட முடியுமோ அவ்வளவு தாமதமாக மூடுங்கள். இலேசான உறைபனி இரண்டொரு முறை படுவது மரத்தைக் குளிருக்குப் பழக்கும். தாங்கும் எல்லையை வெப்பநிலை நெருங்கும் என்று வானிலை அறிக்கை சொல்லும்போது மூடினால் போதும். திறப்பதில் தயக்கம் கூடாது: மார்ச் பிறந்து பகல்கள் சூடேறிய பின்னும் கட்டிவைத்த மரங்கள் புழுக்கத்தில் அழுகுவதை அடிக்கடி பார்க்கிறேன். மேகமூட்டமான நாளில் திறந்தால் ஓலைகள் வெயிலில் வெளுக்காது. இலையுதிர் காலத்தில் பச்சை ஓலைகளைக் கழிக்காதீர்கள். அவை குருத்துக்குக் கவசம். இடம் போதாவிட்டால் ஓலைகளை மேல்நோக்கித் தளர்வாகக் கட்டுங்கள், அப்படிக் கட்டினால் நீர் நேராகக் குருத்தில் இறங்குமாதலால் கூரை கட்டாயம். காவோலைகளை மட்டும் கழிக்கலாம். தழைச்சத்து உரத்தை ஆகஸ்டோடு நிறுத்திவிடுங்கள்.

தொட்டியில் உள்ள கேனரித் தீவுப் பேரீச்சையை ஸ்டுட்கார்ட்டில் வெளியிலேயே விடலாமா?

கூடாது. நிலத்தில் நின்றாலே மைனஸ் 6, 7 டிகிரியில் அடிபடும் மரம் அது. தொட்டியில் வேரை எல்லாப் பக்கங்களிலிருந்தும் குளிர் தாக்கும். உறையாத, ஆனால் 10 டிகிரிக்கு மேலே போகாத, சன்னல் வெளிச்சமுள்ள கார் நிறுத்தும் கொட்டகையோ படிக்கட்டு முகப்போ ஏற்றது. மேல்மண் நன்றாகக் காய்ந்தபின் சிறிது நீர் விடுங்கள். சூடாக்கிய கூடத்தில் வைத்தால் வறண்ட காற்றில் செம்பேன் பிடிக்கும்.

ஊரிலிருந்து வந்த பனங்கொட்டையை முளைக்கவைத்து வெளியே நடலாமா? (ஓஸ்லோ வாசகர்)

வெளியே நட்டால் முதல் குளிர்காலத்தையே தாண்டாது. நம் பனையும் தென்னையும் வெப்பமண்டலத்துக்கே உரியவை. வீட்டுக்குள் வளர்க்க விரும்பினால், முளை கிழங்காக நேர்கீழே இறங்கிய பிறகே ஓலை மேலே வரும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே மிக ஆழமான தொட்டியும், அடியில் வெப்பமும், பல ஆண்டுப் பொறுமையும் வேண்டும். விதை கொண்டுவருவதற்குமுன் உங்கள் நாட்டின் தாவரச் சுகாதார விதிகளைப் பாருங்கள்.

இங்கிலாந்தின் டார்க்கீயில் வாங்கிய ‘பாம்’ உறைபனியில் தலையோடு அழுகிவிட்டது. தோண்டி எறியலாமா?

பொறுங்கள். அவ்வூரில் அப்பெயரால் விற்கப்படுவது பெரும்பாலும் நியூசிலாந்தின் கார்டிலைன். அது பனைக் குடும்பமே அன்று. தலை அழுகினாலும் தண்டின் பக்கத்திலோ அடியிலோ துளிர்க்கும். அழுகிய பகுதியை உறுதியான தண்டு வரை வெட்டிவிட்டுக் கோடை முடியும்வரை காத்திருங்கள்.

சுவிட்சர்லாந்தில் டிராக்கிகார்ப்பஸுக்குத் தடை வந்துவிட்டதாமே? எங்கள் தோட்டத்தில் நிற்பதை வெட்ட வேண்டுமா? (லுகானோ வாசகர்)

2024 செப்டம்பர் 1 முதல் டிராக்கிகார்ப்பஸை விற்பதும் பிறருக்குக் கொடுப்பதும் அங்கே தடைசெய்யப்பட்டிருக்கின்றன. ஏற்கெனவே தோட்டத்தில் நிற்பதை வெட்ட வேண்டும் என்று அவ்விதி சொல்லவில்லை. டிச்சினோ மாநிலக் காடுகளில் பறவைகள் எச்சமிட்ட விதைகளிலிருந்து இது அடர்ந்து பரவி, உள்ளூர்ச் செடிகளின் இடத்தைப் பிடித்ததே காரணம். அங்கே குளிர்காலப் பாதுகாப்பும் தேவையில்லை. ஆண், பெண் மரங்கள் தனித்தனி. உங்களுடையது காய்க்கும் பெண் மரமானால், பூங்குலைகளை விரிந்தவுடனே வெட்டுங்கள். காய் பிடித்துவிட்ட குலைகளைப் பழுக்குமுன் அகற்றி, உரக்குழியில் போடாமல், எரிப்பதற்கான வீட்டுக் கழிவோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.