ஒருவருடைய நேர்மையை அளக்க முடியுமா? தொழில் அமைப்புகளும் ஆய்வாளர்களும் அதை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

நேர்மையைப் பற்றி ஒருவருக்கு எவ்வளவு தெரியும் என்று அளந்துவிடலாம். அவர் எப்படி நடந்துகொள்வார் என்று சொல்வதுதான் பெரும்பாடு. நான் கோலாலம்பூரில் கணக்காய்வுத் துறையில் இருப்பவன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

தெரிந்ததை அளக்கும் முதல் வகை மலேசியர்களுக்குப் பழக்கமானதுதான். என் வயதுக்காரர்கள் எஸ்பிஎம் என்ற பள்ளியிறுதித் தேர்வுக்கு நன்னெறிக் கல்வியில் 36 நெறிகளையும் அவற்றின் விளக்கங்களையும் மலாயில் வரி பிசகாமல் மனப்பாடம் செய்தோம். ஒரு சொல் விட்டால் மதிப்பெண் போச்சு என்று டியூஷன் வாத்தியார் மிரட்டுவார். ஏ வாங்கியவர்கள் எல்லாரும் அதன்படி நடந்திருந்தால் நெடுஞ்சாலையில் அவசரத் தடம் காலியாகத்தானே கிடக்க வேண்டும்?

ஆய்வாளர்கள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாகச் செய்தார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ரெஸ்ட் 1970-களில் உருவாக்கிய தேர்வில் ஒரு தர்மசங்கடமான கதை வரும். மனைவி சாகக் கிடக்கிறாள், மருந்து வாங்கக் காசில்லை, கணவன் திருடலாமா? திருடலாம், கூடாது என்ற பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று 12 வாக்கியங்கள் தந்திருப்பார்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று குறித்து, அவற்றில் நான்கை வரிசைப்படுத்த வேண்டும். மாட்டிக்கொள்வோமா என்று யோசிப்பவரும், சட்டம் எதற்காக இருக்கிறது என்று யோசிப்பவரும் அதில் பிரிந்து தெரிவார்கள். எனக்குப் பிடித்தது, நடுவில் செருகியிருக்கும் பொருளற்ற வாக்கியங்கள். காதுக்குப் பிரமாதமாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அவற்றை அதிகம் தேர்ந்தெடுத்தால் விடைத்தாள் கணக்கிலேயே சேராது. நம் ஊர் மேடைப் பேச்சாளர்கள் சிலரை உட்கார வைத்து எழுதச் சொல்ல எனக்கு ஆசை.

இந்தத் தேர்வு எங்கள் துறைக்கும் வந்தது. லாரன்ஸ் போனெமன் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், கணக்காய்வு நிறுவனங்களின் மேலாளர்கள், பங்குதாரர்கள் (நிறுவனத்தை நடத்தும் பார்ட்னர்கள்) ஆகியோரின் மதிப்பெண் கீழ்நிலையில் இருந்தவர்களைவிடக் குறைவாக இருந்தது, கிட்டத்தட்ட ஒரே மாதிரியாகவும் இருந்தது. நிறுவனத்தோடு ஒத்துப்போகிறவர்களே தங்கி மேலே போகிறார்கள் என்று அதை விளக்கினார். படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

சரி, நன்றாக யோசிக்கிறவர் நன்றாக நடப்பாரா? எரிக் ஷ்விட்ஸ்கெபெல் என்ற தத்துவப் பேராசிரியர் 2009-இல் பல்கலைக்கழக நூலகங்களில் காணாமல் போன புத்தகங்களை எண்ணிப் பார்த்தார். பெரும்பாலும் பேராசிரியர்களும் உயர்நிலை மாணவர்களும் தேடக்கூடிய அறவியல் நூல்கள், மற்றத் தத்துவ நூல்களைவிடச் சுமார் 50 விழுக்காடு அதிகமாகத் தொலைந்திருந்தன!

நடத்தையை முன்கூட்டிச் சொல்வதில் நான் நம்புவது 2005-இல் மாக்சின் பாபடாகிஸ் குழு வெளியிட்ட ஆய்வை. அமெரிக்க மருத்துவ வாரியங்கள் தண்டித்த 235 மருத்துவர்களையும், தண்டனை பெறாத 469 பேரையும் எடுத்து, அவர்களுடைய மருத்துவக் கல்லூரிக் கோப்புகளைத் தோண்டினார்கள். மாணவப் பருவத்திலேயே ஒழுங்கீனம் பதிவாகியிருந்தவர்கள் பிற்காலத்தில் தண்டனை பெறும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. அதிலும் வலுவாகத் தெரிந்தது கடும் பொறுப்பின்மைதான். கிளினிக்குக்கு ஒழுங்காக வராதது, நோயாளிக்குச் செய்ய வேண்டியதைத் தொடர்ந்து கவனிக்காதது, இந்த ரகம். அடுத்தது, குறையைச் சுட்டிக்காட்டினால் திருந்த மறுப்பது. அதனால்தான் ஆள் எடுக்கும்போது ‘நேர்மை என்றால் என்ன?’ என்று நான் கேட்பதில்லை. பழைய இடத்தில் செலவு ரசீதை எப்படிக் கொடுத்தார், திட்டு வாங்கினால் என்ன செய்தார் என்று விசாரிப்பேன்.

தொழில் அமைப்புகள் மனசை எடை போட முயல்வதே இல்லை. கணக்காளர்களுக்கான சர்வதேச நெறிமுறை, மனிதன் சறுக்கக்கூடியவன் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறது. சுயலாபம், தன் வேலையைத் தானே சரிபார்ப்பது, வாடிக்கையாளருக்காக வாதாடுவது, நெருக்கம், மிரட்டல் என்று ஐந்து அபாயங்களைப் பட்டியலிடுகிறது. தீபாவளிக்கு வாடிக்கையாளர் வீட்டுக்கே அனுப்பும் ஹேம்பர், அதாவது பரிசுக் கூடை, இதில் முதல் இனத்திலும் வரும், நான்காவதிலும் வரும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் கணக்காய்வை வழிநடத்தும் பங்குதாரர் 7 ஆண்டுகளில் விலகியாக வேண்டும், அவர் எவ்வளவு உத்தமராக இருந்தாலும். இங்கே 2010-இல் அமைந்த கணக்காய்வு மேற்பார்வை வாரியம் சோதனைக்கு வந்தால் எங்கள் கோப்புகளைத்தான் புரட்டும். எதைப் பார்த்தாய், யாரைக் கேட்டாய், எழுதி வைத்தாயா? எழுதாதது நடக்காதது.

இதிலும் ஓட்டை உண்டு. கோப்பைச் சுத்தமாக வைத்துக்கொண்டே திருடுகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லப்போனால், ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத காசாளரைப் பார்த்தால் எங்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். வங்கிகளில் சில பொறுப்புகளில் இருப்பவர்களைத் தொடர்ந்தாற்போல் சில நாள் கட்டாய விடுப்பில் அனுப்புவதும் இதற்காகத்தான். அந்த நாள்களில் அவர் வேலையை வேறொருவர் செய்வார்; மறைத்து வைத்த கணக்கு ஏதாவது இருந்தால் அநேகமாக அப்போதுதான் இடிக்கும்.