தார் நின்ற இடம்

அன்புள்ள ஐயா,

கொழும்பின் அதிகாரத்தை மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரப் பகிர்வு பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். அது வடக்கு, கிழக்குக்காரர்களின் கோரிக்கை. மாகாண சபை இருந்தாலும் போனாலும் எங்கள் லயத்தில், இந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒன்றும் மாறப்போவதில்லை. மலையகத்தில் இருக்கும் நாம் ஏன் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

ஒரு வாசகர், ஹட்டன்

அன்புள்ள தம்பி,

நான் பிறந்த தோட்டத்தில், பெரிய ரோட்டிலிருந்து வரும் தார் தோட்டக் கம்பனியின் பெயர்ப் பலகையோடு நின்றுவிடும். அதற்கு மேலே லயம் வரை கருங்கல்தான். அம்மாவுக்கு மூச்சு முட்டிய இரவில் வேன் ஏறி வர முடியவில்லை. நாற்காலியில் வைத்துச் சேலையால் கட்டி, நாலு பேர் அந்தப் பலகை வரை தூக்கி வந்தோம். அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ரோட்டுக்காக நான் அலைந்தது கொஞ்சமல்ல. உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபையில் கேட்டால், “அது தோட்டக் காணி, எங்களால் ஏலாது” என்பார்கள். தோட்ட ஆபிசில் கேட்டால், சபைக்குப் போகச் சொல்வார்கள்.

இரண்டு பக்கமும் கைவிரிக்கச் சட்டத்திலேயே இடமிருந்தது. 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் வந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடத் தடையாக இருந்தது. கொழும்பிலிருந்து இறங்கிய அதிகாரமும் அந்தப் பலகையோடு நின்றுவிட்டது. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். முப்பத்தொரு வருடம், தம்பி! நாமும் வரி கட்டினோம், வாக்குப் போட்டோம்.

அதே 2018இல்தான் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை மக்கள் தங்களுக்கென்று தனிப் பிரதேச சபைகளுக்கு வாக்களித்தார்கள். அதுவரை அந்தப் பகுதிகளுக்கு நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டே பிரதேச சபைகள், ஒவ்வொன்றிலும் லட்சத்துக்கு மேல் சனம். சபை எல்லையைப் பிரித்து வர்த்தமானியில் (அரசிதழில்) போடும் அதிகாரமும் கொழும்பிடம்தான். இதை வடக்கின் பிரச்சினை என்று எப்படி ஒதுக்குவது?

சரி, மாகாண சபைக்கு வருவோம். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை அதன் கீழ்தான். மத்திய மாகாண சபைக்கு 2013 செப்டம்பரில் வாக்களித்தோம். 2018இல் காலம் முடிந்ததும் தேர்தல் வைக்காமல், ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர் கையில் வருடக்கணக்காக விட்டுவிட்டார்கள். பிள்ளைக்குக் கணக்கு ஆசிரியர் இல்லையென்றால், நாம் வாக்குப் போட்டு அனுப்பிய எந்த மாகாண சபை உறுப்பினரிடம் போய்க் கேட்பது? ஒருவரும் இல்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இருந்த கொஞ்ச அதிகாரமும் பறிபோனபோது நம் ஊரில் சத்தமே எழவில்லை.

உங்கள் லயத்து ரோட்டுக்காக 2018க்குப் பிறகு யாராவது சபையில் மனுக் கொடுத்தார்களா? இல்லையென்றால் நீங்கள் கொடுங்கள். மறுத்தால் அதை எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்புங்கள். அடுத்த கட்டுரையை அதை வைத்தே எழுதுகிறேன்.